வாடகைக்கு ஆள் பார்த்தவள்

சென்ற மாதம் பர்வீன் என்னைக் கந்தோருக்கு வரச் சொன்னாள். பர்வீன் என் பழைய முதலாளி நஸீர் ஹாஜியாரின் மூத்த மகள். நான் ஓய்வுபெற்ற பிறகு கந்தோரை அவள்தான் நடத்துகிறாள். ஹாஜியாருக்குச் சொந்தமான வீடுகளும், வெளிநாட்டில் இருப்பவர்கள் அவரை நம்பி ஒப்படைத்த வீடுகளும் கண்டியிலும் சுற்றுப்புறத்திலும் முப்பதுக்கு மேல் உண்டு. அவற்றுக்கு நல்ல வாடகைக்காரர்களைத் தேடிப் பிடிப்பதுதான் அந்தக் கந்தோரின் தொழில். இப்போது எல்லாம் கைத்தொலைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. வீடு தேடுபவர் படம் பார்த்து, விவரம் நிரப்பி அனுப்பினால், அந்தச் செயலியே அவருக்குப் புள்ளி போடுமாம்.

"ராஜி மிஸ், ஆள் சரியா பிழையாண்டு நீங்க எப்பிடிப் பாத்த? அதக் கொஞ்சம் எழுதித் தாங்களேன். இந்தப் புள்ளைகளுக்கு ஒதவும்" என்றாள் பர்வீன். புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு பெண்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முப்பது வருடம் ஆள் பார்த்தவள், கண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள் என்று யாரோ அவர்களிடம் கதை விட்டிருக்க வேண்டும். கண்ணைப் பார்த்து நான் தெரிவு செய்த ஆட்களிடம்தான் அதிகம் ஏமாந்திருக்கிறேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு எழுதத் தொடங்குகிறேன்.

உயர்தரப் பரீட்சை முடித்து, டைப் அடிக்கப் பழகி, மூன்று பாஷையும் தட்டுத் தடுமாறாமல் பேசுவேன் என்ற ஒரே தகுதியோடு அங்கே சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் ஒப்பந்தங்களை டைப் அடித்ததும், ஒழுகுகிற கூரைக்கு ஆள் அனுப்பியதும் தவிர வேறொன்றும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பதெல்லாம் ஹாஜியார்தான்.

ஹாஜியார் உயரமான, மெலிந்த மனிதர். யாரிடமும் 'இல்லை' என்று சொல்லத் தெரியாது. வீடு கேட்டு வருகிற எல்லோருக்கும் அவரிடம் ஒரே பதில்தான்: "பாப்போம்." அந்தப் பாப்போம் மூன்று வகைப்படும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் "பாப்போம்" என்றால் வீடு கிடைக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி, "பாப்போம், இன்ஷா அல்லாஹ்" என்று இழுத்தால் கிடைக்கவே கிடைக்காது. வந்தவருக்குப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டே "பாப்போமே" என்றால், அவருக்கே ஒன்றும் விளங்கவில்லை, இனி நான் விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம். மூன்றில் எதைக் கேட்டவர்களும் சந்தோஷமாகத்தான் படியிறங்கிப் போனார்கள்.

வீடு காட்ட அவரேதான் போவார். கதவைத் திறந்துவிட்டு வாசல்படியிலேயே நின்றுகொள்வார். வந்தவர் உள்ளே தனியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். இவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். "பைப்பத் தொறந்து பாக்கிற ஆள் குடியிரிக்க வந்த ஆள். ஜன்னலால மலையப் பாத்துக்கொண்டு நிக்கிற ஆள் மூணு மாசத்துல போற ஆள்" என்பார். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அவருடைய மற்ற அளவுகோல்களைக் கேட்டால் சிரிப்பு வரும். சட்டத்தரணிகளுக்கு வீடு கொடுக்க மாட்டார். "சட்டம் பேசுவாங்க, கியாமத் நாள் வரைக்கும் வீட்ட விட்டு எழுப்பேலா" என்பார். வீட்டை அளவுக்கு மீறிப் புகழ்கிறவர்களை நம்ப மாட்டார். மனைவியைப் பேசவிட்டுத் தாம் சும்மா நிற்கிற கணவர்களையும் பிடிக்காது. நனைந்த குடையை விறாந்தையில் விரித்து வைத்த ஒரு பள்ளிக்கூட அதிபருக்கு அந்த ஒரு குற்றத்துக்காகவே ஜன்னல் பக்கப் பாப்போம் கிடைத்தது.

இந்த அளவுகோல்கள் மிஸ்டர் பெர்சிவலிடம் வந்து முறிந்தன.

பெர்சிவல் ஓய்வுபெற்ற கனவான். வெள்ளை மீசை, இஸ்திரி போட்ட சட்டை. வீட்டுக்குள் போனதும் ஒவ்வொரு பைப்பாகத் திறந்து பார்த்தார். குடையை வெளியே சாத்தி வைத்தார். அப்போது அவர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் கொடுத்த கடிதத்தையும் நீட்டினார். 'இவரைப் போன்ற ஒருவரை இழப்பது எனக்குப் பெருந்துக்கம்' என்ற அர்த்தத்தில் ஒரு பக்கம் முழுவதும் புகழ்ச்சி. ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றினார். அம்பிட்டியவில் ஒரு நல்ல வீடு பெர்சிவலுக்குப் போனது. குடிவந்த அன்று அந்தப் பழைய வீட்டுக்காரரே தன் லொறியில் சாமான்களை ஏற்றி வந்து, அலுமாரிக்குத் தோளும் கொடுத்தார். பெருந்துக்கத்தில் இருக்கிறவர் இவ்வளவு சுறுசுறுப்பாக அலுமாரி தூக்குவாரா என்று எனக்கு அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும்.

ஆறு வாரம் கழித்து அயலவர்கள் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் பன்னிரண்டு நாய்கள். தெருவில் கிடந்த நாய்களைக் கூட்டி வந்து வளர்ப்பது பெர்சிவலின் புண்ணிய காரியம். குளியலறையில் ஐந்து, சமையலறையில் நான்கு, மிச்சம் கட்டிலில். ஹாஜியார் சாரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஓடுவதற்கு வசதியாகக் கேற்றிலேயே நின்றார். பன்னிரண்டில் ஒரு பழுப்பு நாய் அவர் மீது மட்டும் தீராத பாசம் வைத்தது. பெர்சிவல் மிக மரியாதையாக மன்னிப்புக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். அடுத்த வாரம் சொல்லாமல் போய்விட்டார், நாய்களை எங்களுக்கு விட்டுவிட்டு. அவர் தந்த நிரந்தர விலாசம் கம்பளையில் ஒரு புத்தகக் கடையின் மேற்பார்வை விலாசம், அதாவது வேறொருவர் பொறுப்பில் கடிதம் வந்து சேருகிற இடம். தேடிப் போனால் கடைக்காரர், "நல்ல மனுசன் மிஸ். எங்கிட்ட பேப்பர் வாங்குவாரு. கடுதாசி வந்தா வச்சிருங்கன்னு சொன்னாரு. நாய்னா உசிரு" என்றார். நாய்கள் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் வீடு தேடினோம். அந்த வருடம் நான் மிகக் கவனமாக ஆள் பார்த்தது அவற்றுக்குத்தான்.

பழுப்பு நாயையும் அனுப்பிய அன்று ஹாஜியார் சொன்னார்: "ராஜி, கண்ணால பாத்தது போதும். ஒரு பேப்பர்ல எழுதுங்க. இனி எல்லாருக்கும் ஒரே அளவு."

நான் எழுதினேன். ஒரு ஃபூல்ஸ்கேப் தாளில் படிவம், மூன்று பாஷையிலும், இலக்கமிட்ட ஒன்பது விதிகள். இப்போது இருக்கிற பெண்களுக்கு உதவக்கூடியது இந்தப் பகுதிதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அடையாள அட்டை, கிராம சேவகர் சான்றிதழ், வேலை செய்யும் இடத்துக் கடிதம் மூன்றும் எல்லோரிடமும் வாங்குவோம். வேலையிடத்தை விசாரிக்க வேண்டுமானால் விண்ணப்பக்காரர் தந்த தொலைபேசி இலக்கத்துக்கு ஒருபோதும் கூப்பிடக் கூடாது. அந்த நிறுவனத்தின் பொது இலக்கத்தை நாமே தேடிக் கூப்பிட வேண்டும். அவர் தந்த இலக்கத்தில் பேசுவது அவருடைய மச்சானாக இருக்கலாம். இப்போது இருக்கிற வீட்டுக்காரரை நம்ப வேண்டாம். அவர் ஆளை அனுப்பத் துடித்துக்கொண்டிருப்பார். அதற்கு முந்திய வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கு இனி லாபமும் இல்லை, நட்டமும் இல்லை, உண்மை பேசுவார். யார் முதலில் விண்ணப்பித்தாரோ அவரைத்தான் முதலில் பரிசீலிக்க வேண்டும். வேண்டாம் என்றால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், நம் கையாலேயே. எழுதும்போது வெட்கம் வருகிற காரணம் என்றால் அது காரணமே இல்லை.

இந்தக் கடைசி வாசகத்தை எழுதியபோது ஹாஜியாரின் குடைக் கோபத்தை நினைத்துக்கொண்டுதான் எழுதினேன். அவருக்கும் விளங்கியது. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதமே ஒரு சட்டத்தரணி எல்லா இலக்கத்திலும் தேறி கட்டுகஸ்தோட்டை வீட்டை எடுத்துக்கொண்டார். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார். ஹாஜியாருக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவது அவர்தான்.

ஏழாம் இலக்கம் பெர்சிவல் நினைவாக வந்தது: 'விண்ணப்பதாரரின் நிரந்தர விலாசம் வீட்டிலக்கமும் வீதியும் கொண்டதாக இருத்தல் வேண்டும். மேற்பார்வை விலாசங்கள் ஏற்கப்படா.' எட்டாம் இலக்கம், விண்ணப்பதாரர் இப்போது குடியிருக்கும் வீட்டை நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது. இந்த இரண்டும் சேர்ந்து என்னைப் பிடிக்கும் என்று எழுதும்போது நான் நினைக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து ஒரு காலை, யோகேஸ்வரி என்ற பெண் வந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் தாதி. அப்போதுதான் நிரந்தர நியமனம் கிடைத்திருந்தது. அவளுடைய அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்துக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கக் கலஹாவிலிருந்து பஸ்ஸில் கூட்டி வந்து போனாள். முல்கம்பொலவில் எங்களிடம் ஒரு கீழ்மாடி வீடு காலியாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம். படிவத்தை முத்து முத்தாக நிரப்பி, எல்லாப் பிரதிகளையும் ஒழுங்காக அடுக்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். ஏழாம் இலக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயர், பிரிவு, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் இலக்கம்.

"இது தோட்ட விலாசம். வீதி இல்லையே" என்றேன்.

"லயத்து நம்பர் இருக்கு மிஸ். காம்பரா நம்பரும் போட்டிருக்கேன்."

"கடிதம் எங்க வரும்?"

"தோட்டக் கந்தோருக்கு."

"அப்ப அது மேற்பார்வை விலாசம்தான். ஏத்துக்க முடியாது."

அவள் படிவத்தைத் திரும்ப வாங்கி ஒரு தரம் படித்தாள். கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்: "அப்ப மிஸ், எங்கள மாதிரி ஆளுக கண்டியில ஒரு வீடு எடுக்கணும்னா, அதுக்கு மொதல்ல கண்டியில ஒரு வீடு இருக்கணுமா?"

"விதி எல்லாருக்கும் ஒன்னுதாம்மா" என்றேன். அதைச் சொன்னபோது என் முதுகு நிமிர்ந்து இருந்ததும் ஞாபகம் இருக்கிறது. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். ஜன்னலால் பார்த்தேன். கீழே கடைப்படியில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் மாடிப்படி அவரால் ஏற முடியாது என்று கீழேயே இருத்திவிட்டு வந்திருக்கிறாள். கையைப் பிடித்து எழுப்பி, பஸ் தரிப்பிடம் நோக்கி மெல்ல மெல்லக் கூட்டிப் போனாள்.

இங்கே நான் ஒன்று சொல்ல வேண்டும். நானும் கலஹாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்தில் பிறந்தவள். கந்தோரில் அது ஒருவருக்கும் தெரியாது. சேர்ந்த புதிதில் "எந்தப் பக்கம்?" என்று ஹாஜியார் கேட்டதற்குக் "கேம்பஸ் பக்கம்" என்று சொல்லி வைத்தேன். பேராதனைப் பல்கலைக்கழகத்தை இங்கே எல்லோரும் கேம்பஸ் என்றுதான் சொல்வோம். ஹாஜியார் அதைக் கேட்டு, என் அப்பா கேம்பஸில் வேலை செய்தவர் என்று தாமாகவே முடிவு கட்டிக்கொண்டார். நான் திருத்தவில்லை. தோட்டத்து ஆட்களுக்கு வீடு கொடுக்க மாட்டோம் என்று சில வீட்டுச் சொந்தக்காரர்கள் என்னிடமே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். அதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, இப்போது ஒரு தோட்டத்துப் பெண்ணுக்காக என் விதியை வளைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்று பயம். அதனால் மற்றவர்களுக்கு ஒரு மடங்கு என்றால் அவளுக்கு இரண்டு மடங்கு கண்டிப்பு.

ஹாஜியாருக்கு ஒரு பழக்கம் உண்டு. சனிக்கிழமைகளில் நான் வேண்டாம் என்று ஒதுக்கிய படிவங்களை எடுத்துக் காரணங்களைப் படிப்பார். அந்தச் சனிக்கிழமை யோகேஸ்வரியின் படிவம் அவர் கையில் நின்றது.

"வேல சரி. கடிதம் சரி. மத்ததெல்லாம் சரியாத்தானே ஈக்கிது. வீட்டப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல ஹாஜியார். ஏழாம் இலக்கத்துலயே நின்னுருச்சு."

"எட்டாவதுல 'எல்லா விண்ணப்பதாரரும்'ண்டு நீங்கதானே எழுதீக்கிறீங்க? பாக்காம எப்பிடி வேணாண்டு செல்ற?" என்று சொல்லி எனக்குப் பிளேன்டீ ஊற்றினார். "போய்ப் பாத்துட்டு வாங்க. பாப்போமே."

செவ்வாய்க்கிழமை கலஹா பஸ்ஸில் ஏறினேன். கேம்பஸ் மரங்களுக்கு நடுவே வளைந்து, பிறகு தேயிலைக்குள் ஏறுகிற பாதை. எங்கள் தோட்டத்துக்குப் பிரிகிற சந்தியில் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டேன். யோகேஸ்வரியின் தோட்டம் அதற்கும் அப்பால் மூன்று மைல். நான் கேட்டு விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அவள் வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய அப்பா ராமையா அவர்களுடைய ஒற்றையறை வீடான காம்பராவுக்குள்ளே கட்டிலில் சாய்ந்திருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களோடு முப்பத்தைந்து வருடம் கழித்தவர். உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை, குரல் மட்டும் இயந்திரச் சத்தத்தை மிஞ்சப் பழகிய குரல்.

"வாங்கம்மா. ஒக்காருங்க. வீட்டப் பாக்க வந்தீங்களா, ஆளப் பாக்க வந்தீங்களா?"

"ரெண்டையும்தாங்க."

"நல்லாப் பாருங்க. பாத்து முடிஞ்சதும் நாங்களும் கொஞ்சம் கேக்கலாமில்ல?"

நான் பார்த்தேன். பார்க்க என்ன இருக்கிறது? எனக்குத் தெரியாத காம்பராவா அது? தரை மெழுகினது போல் துடைத்திருந்தது. பானைகள் கவிழ்த்து அடுக்கியிருந்தன. அவர் மனைவி தேயிலைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். "நீங்க எந்தூரும்மா?" என்று கேட்டார். "கேம்பஸ் பக்கம்" என்றேன். லயத்தில் உட்கார்ந்து, லயத்துத் தேயிலையைக் குடித்துக்கொண்டு அதையே சொன்னேன்.

ராமையா சிரித்தார். "பெரிய கந்தோர் ஆளுக வந்தா மொதல்ல எங்க நெலையில தலைய முட்டிக்குவாங்க. டொக்டர் ஐயாவும் முட்டினாரு, ஜீ.எஸ். ஐயாவும் முட்டினாரு. நீங்க பாக்காமலே குனிஞ்சு வந்தீங்க." அவ்வளவுதான் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. நான் தேயிலைக் கோப்பையைக் கீழே வைத்தேன்.

பேச்சை மாற்றக் கடிதங்களைப் பற்றிக் கேட்டேன். "கந்தோருக்கு வரும். குடுக்கிறப்ப குடுப்பாங்க" என்றார் அவர் மனைவி. எனக்கு ஆசிரியர் நியமனத்துக்கு நேர்முகப் பரீட்சை வந்ததும் அப்படித்தான். எங்கள் தோட்டக் கந்தோரின் மேசை லாச்சியில் அந்தக் கடிதம் கிடந்து, பரீட்சை முடிந்து எட்டு நாள் கழித்து என் கைக்கு வந்தது. அதனால்தான் நான் ஆசிரியை ஆகாமல் டைப் அடிக்கப் போனேன். அதை மறந்து ஏழாம் இலக்கம் எழுதினேன் என்று சொன்னால் பொய். மறக்கவில்லை. அது வேறு யாருக்கோ நடந்தது என்பது போல வைத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப நாங்க கேக்கிறோம்" என்று ராமையா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன படி?"

"முன்னால ரெண்டு படிதாங்க."

"பகல்ல தண்ணி வருமா? வீட்டுக்கார ஐயா சொல்லாம கொள்ளாம வந்து கதவத் தட்டுவாரா? கருவாடு பொரிச்சா மேல இருக்கவங்க சண்டைக்கு வருவாங்களா?"

ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். கருவாட்டுக்கு மட்டும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் இருந்தார், சிங்களவர், மூக்கு அவருக்குக் கொஞ்சம் கூர்மை.

"இன்னொண்ணு. நான் ரொம்ப நாள் இருக்கப் போறதில்ல. அது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். நான் செத்தா பொணத்த அந்த வீட்டுக்குள்ள வைக்க விடுவீங்களா? டவுன்ல வாடக வீட்டுல அதுக்கு விடமாட்டாங்கன்னு சொல்றாங்க. ஆஸ்பத்திரியிலருந்து நேரா இங்கயே கொண்டாந்துரணுமாம். வீட்டுல ஒரு நா வச்சிருந்து, சனம் வந்து பாத்து, வாச வழியா எடுக்கணும். அது முடியாதுன்னா எங்களுக்கு அந்த வீடு வேணாம்மா."

அவர் மனைவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் படிவத்தில் ஒன்பது இலக்கம் இருந்தது. அதற்கு ஓர் இலக்கமும் இல்லை. "கேட்டுச் சொல்றேங்க" என்றேன்.

மறுநாள் ஹாஜியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராமையாவின் கேள்வியைச் சொன்னேன். பிறகு, ஏன் அவளை வேண்டாம் என்றேன் என்பதையும் சொன்னேன். பெரிய மனது பண்ணி, "எனக்கு எப்பவோ தெரியும் மகள்" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"அப்ப ஒங்கட வாப்பா கேம்பஸ்ல இல்லியா?"

"இல்லங்க ஹாஜியார். தோட்டத்துல தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினாரு."

"நான் ஊரெல்லாம் செல்லீக்கிறேனே! பள்ளிவாசல்ல செல்லீக்கிறேன், பேங்குல செல்லீக்கிறேன், எங்கட ராஜிட வாப்பா கேம்பஸ்ல பெரிய ஆளுண்டு!"

"நான் கேம்பஸ் பக்கம்னுதான் சொன்னேன், ஹாஜியார். எங்க பஸ் கேம்பஸ் வழியாத்தான் போகும்."

அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேண்டியதைத் துண்டுக் கடதாசியில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். நானும் ராஜினாமாக் கடிதம் டைப் அடித்து லாச்சிக்குள் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலையில் வந்து என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து தையல்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை எடுத்து மேசையில் வைத்தார்.

"முல்கம்பொல வீட்டுக்குப் போனேன். முன் கதவ அளந்தேன். விறாந்தைத் திருப்பத்தையும் அளந்தேன். பெட்டியச் சாய்க்கத் தேவல்ல, நேரா எடுக்கலாம்" என்றார். "அந்த மனிசருக்குச் செல்லுங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் பயந்து போய்ப் பிளேன்டீ ஊற்ற ஆரம்பித்தார். ஏழாம் இலக்கத்தை அன்றைக்கே வெட்டினேன். 'விண்ணப்பதாரரைக் கண்டடையப் போதுமான விலாசம்' என்று மாற்றினேன். படிவத்தின் பின்பக்கத்தில் பாதியை வெறுமையாக விட்டு, மேலே 'விண்ணப்பதாரர் எங்களிடம் கேட்க விரும்புவன' என்று போட்டேன். அந்த வெற்றிடத்தில் எழுதியதை வைத்து நான் கண்டுபிடித்த ஆட்கள் கண்ணைப் பார்த்துக் கண்டுபிடித்தவர்களைவிட அதிகம்.

ராமையா அந்த வீட்டில் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைய இருந்தார். திங்கட்கிழமைதோறும் எனக்குத் தொலைபேசி எடுப்பார். பின்பக்கக் குழாய் ஏன் இரண்டு தரம் தும்முகிறது, சுவரில் படம் மாட்ட ஆணி அடிக்கலாமா, அடித்த ஆணியைப் போகும்போது கழற்ற வேண்டுமா. முதல் மாதமே கருவாட்டுப் பிரச்சினை வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் முறைப்பாடு செய்தார். நான் போய்ப் பேசுவதற்குள் ராமையா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவரைச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு முறைப்பாடு வேறு மாதிரி வந்தது: கீழே கருவாடு பொரிக்கிற நாளை முன்கூட்டி அறிவிப்பதில்லை என்று. இரண்டு கிழவர்களும் விறாந்தையில் டாம் பலகை வைத்துக் காய் நகர்த்துவார்கள். ரயில் பெரிதா, தேயிலை பெரிதா என்பது அவர்களுக்குள் தீராத வழக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை காலை யோகேஸ்வரி கூப்பிட்டாள். "மிஸ், அப்பா போயிட்டாரு. வீட்டுலதான்" என்றாள். பிறகு, ஒப்பந்தக்காரியாகக் கேட்டாள்: "சொன்ன மாதிரி வச்சுக்கலாந்தானே?"

"அதென்ன கேள்வி" என்றேன். எனக்கு முன்னால் ஹாஜியார் குடையை எடுத்துவிட்டார்.

மறுநாள் தோட்டத்திலிருந்து இரண்டு பஸ்ஸில் சனம் வந்தது. ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டு, வந்தவர்கள் கைகால் கழுவத் தன் குழாய்களைக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஒழுங்கையை அடைத்துக்கொண்டு இதென்ன, யார் இவர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "எங்கள் ஊர்க்காரர்கள்" என்றேன். பக்கத்தில் நின்ற ஹாஜியார், "கேம்பஸ் பக்கம்" என்று சேர்த்துக்கொண்டார். செத்த வீட்டில் சிரிக்கக் கூடாது என்று நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றேன். பெட்டி நேராகத்தான் போனது. இரண்டு பக்கமும் ஒரு கை அளவு இடம் இருந்தது.

ஐந்தாறு மாதத்தில் யோகேஸ்வரிக்கு நுவரெலியாவுக்கு மாற்றம் வந்தது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டை ஒப்படைத்த அன்று நான் வழக்கம் போல் அறை அறையாகப் பார்த்தேன். ஆணிகளைக் கழற்றி, துளைகளைப் பூசியிருந்தாள். விறாந்தைக்கு அடுத்த அறையின் சிவப்புச் சீமெந்துத் தரையில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுத்த கறை. ராமையாவின் தலைமாட்டில் வைத்த குத்துவிளக்கின் எண்ணெய். "எவ்வளவு தேச்சும் போகல மிஸ்" என்றாள். 'சேதம்' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

அந்த வீட்டை அடுத்துப் பார்க்க வந்தவர்கள் ஓர் இளம் தம்பதி. கணவர் கேம்பஸில் புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர், யாழ்ப்பாணத்துக்காரர். மனைவிக்கு ஏழு மாதம். அவர் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அந்த அறையில் நின்றுவிட்டாள்.

"அக்கா, உது என்ன கறை?"

வயிற்றில் பிள்ளையோடு நிற்கிறவளிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். தேயிலைக் கறை என்று சொல்லியிருக்கலாம். வந்தவர்கள் கைவிட்டுப் போனாலும் போகட்டும் என்று உள்ளதைச் சொன்னேன்.

"இங்க இருந்த ஒருத்தர் இந்த வீட்டுலதான் காலமானாரு. இந்த அறையிலதான் வச்சிருந்தோம். அது தலைமாட்டு விளக்குல இருந்து சிந்தின எண்ணெய்."

கணவர் திரும்பிப் பார்த்தார். அவள் கறையைச் சுற்றி மெல்ல ஒரு தரம் நடந்தாள்.

"நல்ல மனுசரோ?"

"நல்ல மனுசர்தாம்மா. கேள்விதான் கொஞ்சம் கூடக் கேப்பாரு."

அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப பிள்ளைக்குத் தொட்டிலை இஞ்சயே போடுவம்" என்று கணவரிடம் சொன்னாள்.